குளோரின் வாயு: பணியிட வரம்பும், சுவாசித்த பின் கவனிக்க வேண்டியவையும்

குளோரின் என்பது மஞ்சள் கலந்த பச்சை நிறமும் மூக்கைத் துளைக்கும் நெடியும் கொண்ட வாயு ஆகும். காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. ஆகவே கசியும்போது தரையை ஒட்டிப் பரவிப் பள்ளங்களிலும் நிலவறைகளிலும் தேங்கும். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், நீச்சல் குளங்கள், காகித ஆலைகள், வேதிப்பொருள் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் பணிபுரிவோர் இதற்கு ஆட்பட நேரிடலாம். வீடுகளும் இதற்கு விலக்கல்ல. பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் சேர்த்துக் கழிவறையைக் கழுவினால் அந்த இடத்திலேயே குளோரின் உருவாகும். இரண்டையும் கலந்தால் கறை விரைவில் நீங்கும் என்று எண்ணி ஒருபோதும் அவ்வாறு செய்யாதீர்கள்.

இவ்வாயு கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து அமிலங்களாக மாறி, அங்குள்ள மென்சவ்வை அரிக்கிறது. கண் எரிச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு ஆகியவை உடனே தோன்றும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குறைந்த அளவே போதும்.

காற்றில் உள்ள குளோரின் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு எனக் கணக்கிடப்படுகிறது, இதனை பி.பி.எம். என்பர். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 8 மணி நேரப் பணிக்குச் சராசரியாக 1 பி.பி.எம். எனவும், 15 நிமிடக் குறுகிய நேரத்திற்கு 3 பி.பி.எம். எனவும் வரம்பு வகுத்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு விதியில் 1 பி.பி.எம். என்பது எந்த நொடியிலும் தாண்டக்கூடாத உச்ச அளவு. 10 பி.பி.எம். அளவு உயிருக்கு உடனடி ஆபத்தாகக் கருதப்படுகிறது. இவ்வரம்புகள் நலமுள்ள தொழிலாளர்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. குழந்தைகளுக்கோ நுரையீரல் நோயாளிகளுக்கோ பொருந்தா. நெடியை அளவுகோலாகக் கொள்வதும் தவறு. சிறிது நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். வாயு குறைந்துவிட்டது என்று நாம் தவறாக நினைப்போம்.

கசிவு ஏற்பட்டால் காற்று வீசிவரும் திசையை நோக்கி, மேடான இடத்திற்குச் செல்லுங்கள். வாயு மேகம் உங்களுக்கும் காற்று வரும் திசைக்கும் இடையே இருந்தால், அதனுள் புகாமல் பக்கவாட்டில் விலகுங்கள். சாதாரண முகக்கவசம் இவ்வாயுவைத் தடுக்காது. மயங்கி விழுந்தவரை மீட்கத் தகுந்த சுவாசக் கருவியின்றி உள்ளே செல்ல வேண்டாம். மீட்கச் சென்றவரும் அருகிலேயே விழ நேரிடும். வெளியே வந்தவரின் ஆடைகளைக் களைந்து, உடலை நீரால் கழுவவும். கண்களை 15 நிமிடமாவது ஓடும் நீரில் அலசவும். பின்பு 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

உடனிருப்போர் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. நல்ல காற்று கிடைத்ததும் இருமல் தணியலாம். நோயாளி "சரியாகிவிட்டது, வீட்டிற்குப் போகலாம்" என்பார். ஆயினும் அதிக அளவில் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும், சில வேளைகளில் ஒரு நாள் வரையிலும், நுரையீரலில் நீர் கோத்துக் கடும் மூச்சுத்திணறல் ஏற்படக்கூடும். முதலில் எடுத்த எக்ஸ்ரே இயல்பாக இருப்பதும் உண்டு. எனவே மருத்துவர் கண்காணிப்பில் இருக்கச் சொன்னால், இரவு முழுவதும் ஆனாலும் இருங்கள். அந்நேரத்தில் நோயாளியை நடக்கவோ வேலை செய்யவோ விட வேண்டாம். வீடு திரும்பிய பின் மூச்சு வாங்குதல், நுரை கலந்த சளி, உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

குளோரினுக்கென முறிவு மருந்து கிடையாது. ஆக்சிஜனும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துப் புகையும் கொடுக்கப்படும். தேவையெனில் செயற்கைச் சுவாசம் அளிக்கப்படும். பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். சிலருக்கு ஆஸ்துமாவை ஒத்த மூச்சிரைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அத்தகையோர் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை செய்துகொண்ட பின்னரே குளோரின் கையாளும் பணிக்குத் திரும்ப வேண்டும். மருத்துவரைக் காணும்போது எவ்வளவு நேரம் சுவாசித்தீர்கள், அறை மூடியிருந்ததா, எந்தப் பொருள்கள் கலக்கப்பட்டன என்பவற்றைத் தவறாமல் கூறுங்கள்.