சித்தப்பாவின் ரத்தத்தில் ஆஸ்திரேலியா

1997இல் கும்பகோணத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்று கொடுத்த காகிதத்தில், என் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்: பாசிட்டிவ்’ என்று தட்டச்சு செய்திருந்தது. மஞ்சள் காமாலை முற்றிய பிறகுதான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தார்கள். “மெட்ராஸத் தாண்டாத மனுசனுக்கு ஆஸ்திரேலியா வியாதி எங்கேருந்துடா வந்துச்சு?” என்று அப்பாயி கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. சித்தப்பாவுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வந்தன. ஏழு ஆண்டுகள் கழித்து எனக்கு மெல்பர்னில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது சித்தி கேட்ட முதல் கேள்வி: “அந்த ஊருக்கேவா தம்பி போற?”

அப்பாயியின் கேள்விக்கான பதில் 1963இல் அமெரிக்காவில் இருக்கிறது. பரூக் பிளம்பர்க் என்ற மருத்துவர் கல்லீரலையோ கிருமியையோ தேடவில்லை. மனிதருக்கு மனிதர், இனத்துக்கு இனம், ரத்தத்தின் புரதங்கள் எப்படி மாறுபடுகின்றன என்பதே அவர் ஆராய்ச்சி. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் பிறர் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டார். அவர்கள் ரத்தத்தையும் உலகெங்கிலுமிருந்து சேகரித்த ரத்த மாதிரிகளையும் அகர் கூழில் வெட்டிய சிறு குழிகளில் எதிரெதிராக விட்டார். இரண்டும் பரவிச் சந்திக்கும் இடத்தில் கோடு விழுந்தால் ஒன்றை மற்றொன்று அடையாளம் கண்டுவிட்டது என்று பொருள். அவரோடு வேலை செய்த ஹார்வி ஆல்டர் கண்ட ஒரு கோடு விசித்திரமாக இருந்தது. ஒருபுறம் நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபீலியா நோயாளி. மறுபுறம் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவர்.

1965இல் வெளிவந்த கட்டுரை இதை ரத்தப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது. அது தவறான தடம். பொருளுக்கு வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது: ஆஸ்திரேலியா ஆன்டிஜென். அந்தப் பூர்வகுடி மனிதர் இந்த வரலாறுகளில் பெயரில்லாமலே வருகிறார். அவருக்குப் பதில் ஒரு கண்டத்தின் பெயர்.

1967இல் பிளம்பர்க்கின் ஆய்வகத்தில் வேலை செய்த பார்பரா வெர்னருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முன்பு கோடு காட்டாத தன் ரத்தத்தைத் தானே மறுபடி சோதித்தார். மங்கலாகக் கோடு விழுந்தது. அவருக்கு வந்திருந்தது மஞ்சள் காமாலை. அதுவரை சேர்ந்திருந்த சந்தேகம் உறுதியாயிற்று. ஆன்டிஜென் என்பது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை.

செல்களின் மேற்பரப்பிலிருக்கும் அடையாளங்களை வைத்து மருத்துவம் நிறையவே முடிவெடுக்கிறது. ஏ, பி என்ற ரத்த வகைகள் சிவப்பணுவின் மேலிருக்கும் அடையாளங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எண்ணப்படும் சி.டி.4 வெள்ளையணுவின் மேலிருப்பது. இங்கே அடையாளம் வைரஸின் மேல். இந்த வைரஸ் தனக்கு வேண்டியதைவிடப் பல்லாயிரம் மடங்கு சட்டைகளைத் தைத்துத் தள்ளுகிறது. உள்ளே ஆளில்லாத வெறும் சட்டைகள், 22 நானோமீட்டர் அளவில் ரத்தமெங்கும் மிதக்கின்றன. அதனால்தான் வெறும் கூழில் கண்ணுக்குத் தெரியும் கோடு விழுந்தது. என் கணினித் தொழிலிலும் இப்படித்தான்: கோளாறைப் பார்ப்பதில்லை, அது லாகில் எழுதும் வரியைப் பார்க்கிறோம்.

ரத்த வங்கிகள் இந்தச் சோதனையைக் கையிலெடுத்தன. அதில் ஒரு கிளைக்கதை: பின்னாளில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான யுவான் கொசார்ட், லண்டனில் இந்த ஆன்டிஜெனைத் தேடும்போதே வேறொரு வைரஸைக் கண்டார். பி தொகுப்பில் 19ஆம் மாதிரி என்பதால் அதற்குப் பெயர் பி19. நம் பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ‘ஸ்லாப்ட் சீக்’ பரவுகிறது என்று கடிதம் வருகிறதே, அதற்குக் காரணமான வைரஸ் அதுதான்.

1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு. பிறகு அவர் கதை நம் ஊர்க் கொல்லைக்கே வந்து சேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் பிளம்பர்க்கும் சேர்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் கீழாநெல்லி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம்தான் மறைந்தது.

யாரோ இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சித்தி ஆண்டுக்கணக்கில் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். கண்ணில் மஞ்சள் இறங்கியதும் குணமாகிவிட்டதாக எல்லோரும் நம்பினோம். மறுபடி ரத்தம் பார்க்கவில்லை. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே செடியை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஆன்டிஜென் மறையவில்லை என்ற செய்தியை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நோபல் பரிசு வாங்கியவரே நம்பிப் பார்த்த செடி அது. 2009இல் சித்தப்பா கல்லீரல் புற்றுநோயில் இறந்தார்.

அடுத்த ஆண்டு மெல்பர்னில் வேறு காரணத்துக்காகப் போயிருந்தபோது டாக்டர், “எங்கே பிறந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு ஹெபடைடிஸ் பிக்கும் எழுதிக்கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. இந்நாட்டில் இந்த வைரஸோடு வாழும் சுமார் 2 லட்சம் பேரில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் தடுப்பூசி என்பதே 2000இல்தான் வந்தது. பூர்வகுடிகளிடமும் இது அதிகம். வடக்கில் அவர்களிடையே மட்டும் காணப்படும் சி4 என்ற வகை உண்டு. அங்கே இந்த வைரஸ் வெகுகாலமாக இருக்கிறது, நம் தஞ்சாவூரில் இருப்பதைப் போலவே. யாரும் யாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்ததல்ல.

என் முடிவில் ஆன்டிஜென் இல்லை, எதிர்ப்புப் பொருள்கள் இருந்தன. எப்போதோ வந்து, எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. தாயிடமிருந்தா, ஊசியிலிருந்தா, இனிக் கண்டுபிடிக்க முடியாது. தம்ளரிலிருந்து மட்டும் இல்லை, அது அப்படித் தொற்றாது.

அன்றிரவே சித்தியைக் கூப்பிட்டேன். “செத்தவருக்கு இருந்ததை இப்ப எதுக்குத் தம்பி கிளறுற?” என்றார். மூன்று வாரம் தினமும் பேசினேன். கடைசியில் எல்லோரும் போய் ரத்தம் கொடுத்தார்கள். சித்திக்கும் தங்கைக்கும் இல்லை, தம்பிக்கு இருந்தது. இன்றுவரை தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறான். போன மாதம் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முடிவில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று அச்சிட்டு, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னும் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றுதான் இருக்கிறது.