மேலே பணம் வந்தால்தான்

"மேல பில் பாஸாகட்டும், மறுநாளே போட்டுடறேன்." சென்ட்ரிங் அடித்தவர், கம்பி கட்டியவர், டைல்ஸ் ஒட்டியவர், ஒயரிங் இழுத்தவர் என எந்தச் சப் கான்ட்ராக்டரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். சனிக்கிழமைக் கூலியை அவர் தன் கையிலிருந்தோ வட்டிக்கு வாங்கியோ கொடுத்து முடித்திருப்பார். மெயின் கான்ட்ராக்டர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அவருடைய பில்லும் கட்டட உரிமையாளரின் மேசையில் கிடக்கலாம். காரணம் எதுவானாலும் காத்திருப்பதென்னவோ கடைசியில் நிற்பவர்தான்.

இந்தச் சிக்கலை இந்தியாவும் சிங்கப்பூரும் எப்படிக் கையாள்கின்றன என்று ஒப்பிடுவதில் பொருள் உண்டு. இரண்டுமே ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டத்தின் வழி வந்தவை. உரிமையாளரோடு சப் கான்ட்ராக்டருக்கு நேரடி ஒப்பந்தம் இல்லை, ஆகவே அவரிடம் போய்ப் பணம் கேட்க முடியாது என்பது இரு நாட்டுக்கும் பொது விதி. சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் தமிழ் கேட்காத இடம் குறைவு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை பழகி, ஊர் திரும்பிச் சிறு கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் உண்டு. ஒரே தொழிலுக்கு இரண்டு சட்டங்கள் என்பது அவர்களுக்குப் புதிதல்ல.

சிங்கப்பூரின் கட்டுமானப் பணப் பாதுகாப்புச் சட்டம் 2004-இல் இயற்றப்பட்டு, 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1999-இல் கொண்டுவந்த சட்டம் அதற்கு முன்மாதிரி. "எனக்கு வந்தால் உனக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. அடுத்தது கெடு. சப் கான்ட்ராக்டர் முறைப்படி பில் கொடுத்தால், மெயின் கான்ட்ராக்டர் அதிகபட்சம் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்: எவ்வளவு தருவேன், எதைப் பிடிக்கிறேன், ஏன் பிடிக்கிறேன். பேசித் தீர்க்க 7 நாள். தீராவிட்டால் அடுத்த 7 நாளுக்குள் சிங்கப்பூர் சமரச மையத்தில் அட்ஜுடிகேஷன் எனப்படும் விரைவுத் தீர்வுக்கு மனு. எதிர்த்தரப்பு பதில் தர 7 நாள். அட்ஜுடிகேட்டர் முடிவு சொல்ல வழக்கமாக 14 நாள். எல்லாரும் கடைசி நாள்வரை இழுத்தாலும் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒரு தொகை முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு நிரந்தரமானதல்ல. முதலில் பணத்தைக் கொடு, பிறகு ஆர்பிட்ரேஷனிலோ நீதிமன்றத்திலோ வாதாடிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. முடிவை ரத்துசெய்யக் கேட்பவர், கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுத்தான் கேட்க முடியும்.

வேகத்தைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: சும்மா இருப்பவருக்கு அங்கே சட்டம் வைத்திருக்கும் விலை. குறித்த நாளுக்குள் பதில் தராதவர், பணத்தைப் பிடித்து வைத்ததற்கான காரணங்களைப் பிற்பாடு அட்ஜுடிகேட்டரிடம் கிளப்ப முடியாது. 2013-இல் டபிள்யூ.ஒய். ஸ்டீல் – ஓஸ்கோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. வேலை மோசம், அளவு தப்பு, தாமதம் என்று நம் ஊரில் பைனல் பில் நேரத்தில் திடீரென முளைக்கும் டெபிட் நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஸ்லாப் போட்டபோது வாய் திறக்காத சைட் இன்ஜினியருக்கு, எட்டு மாதம் கழித்து அந்த ஸ்லாபில் ஆயிரம் குறை தெரியும்.

இந்தியாவில் கட்டுமானத்துக்கென்று இப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. 'பேக் டு பேக்', அதாவது எனக்கு வந்தால் உனக்கு, என்று ஒர்க் ஆர்டரில் ஒரு வரி போட்டுவிட்டால், அந்த வரியின் சொற்களை வைத்தே நீதிமன்றம் பார்க்கும். ஆர்பிட்ரேஷன் என்றால் 1996-ஆம் ஆண்டின் சட்டப்படி, இரு தரப்பு மனுக்களும் முடிந்த பிறகு 12 மாதம். இருவரும் ஒப்பினால் இன்னும் 6 மாதம். அதற்கு மேல் நீதிமன்ற அனுமதி. தீர்ப்பு வந்ததும் அதை எதிர்த்து மனு, அதன்மேல் அப்பீல். பில் தொகை எட்டு லட்சமாக இருக்கும் ஒருவர் இந்தப் பாதையில் இறங்கவே மாட்டார். அது மெயின் கான்ட்ராக்டருக்கும் தெரியும்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தை ஏன் மறந்தீர்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காகிதத்தில் அது சிங்கப்பூர்ச் சட்டத்தைவிடக் கடுமையானது என்றே சொல்வேன். 45 நாளுக்குள் பணம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. மாநிலத்தின் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம்; 90 நாளில் முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்ப்பவர் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். சும்மா இருப்பதற்கும் அதில் ஒரு விதி உண்டு: 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், பொருளோ சேவையோ ஏற்கப்பட்டதாகவே கணக்கு.

இவ்வளவும் இருந்தும் கட்டுமானத் தொழிலில் அது ஏன் கடிக்கவில்லை? பொருளும் உழைப்பும் கலந்த 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்' இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதிலேயே உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கம்பியையும் சிமெண்டையும் தானே கொண்டுவந்து வேலை செய்தவர், தன் வழக்கு உள்ளே வருமா என்ற வாதத்திலேயே ஆண்டுகளைச் செலவழிக்க நேர்கிறது. அடுத்த முள், குறு அல்லது சிறு நிறுவனம் என்ற பதிவு. ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னோர் அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த 15 நாள் விதியும் 45 நாள் கடிகாரத்தை ஓடவிடுவதோடு சரி. பேசாமல் இருந்தவர் மன்றத்தில் புதுக் காரணங்களோடு வருவதை அது தடுக்கவில்லை.

2024 ஏப்ரல் முதல் வந்த வருமான வரி மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராதவர், அதைக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கில்தான் அந்தச் செலவைக் காட்ட முடியும். மிரட்டல் நல்லதுதான். ஆனால் அது கடன்பட்டவருக்கும் வரித் துறைக்கும் இடையிலான விவகாரம். சப் கான்ட்ராக்டரின் கணக்கில் அதனால் ஒரு ரூபாய் கூட ஏறாது.

வேலையை நிறுத்துவதில் வேறுபாடு இன்னும் கூர்மை. சிங்கப்பூரில் அட்ஜுடிகேட்டர் சொன்ன தொகை வராவிட்டால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை நிறுத்த சப் கான்ட்ராக்டருக்கு உரிமை உண்டு. விரும்பினால் உரிமையாளரே அவருக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டு, மெயின் கான்ட்ராக்டர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இங்கே ஆட்களைத் தளத்திலிருந்து இறக்கினால் மறுவாரமே 'ரிஸ்க் அண்ட் காஸ்ட்' கடிதம் வரும். வேறு ஆளை வைத்து முடித்துவிட்டு, அந்தச் செலவையும் இவர் தலையில் கட்டுவார்கள்.

சிங்கப்பூர் முறை குறையற்றதல்ல. மனு போடும் 7 நாளைத் தவறவிட்டால் அந்தப் பில்லுக்கான வாய்ப்பு போனதுதான். கெடு இரு பக்கமும் வெட்டும். மெயின் கான்ட்ராக்டர் நிறுவனம் திவாலானால் கையில் இருக்கும் முடிவு வெறும் காகிதம். அடுத்த வேலை கிடைக்காது என்ற பயமும் எந்த நாட்டுச் சட்டத்தாலும் போகாது. தொழிலாளியின் சம்பளத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்கு அங்கே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. கூலி விஷயத்தில் இந்தியா பின்தங்கியதும் அல்ல. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்று 1970-இலேயே நாம் சட்டம் எழுதிவிட்டோம். கூலிக்கு மேலே ஏறிப்போகும் அந்தப் பொறுப்பு, பில்லுக்கு மட்டும் பாதியில் நின்றுவிடுவது விந்தை.

புதுச் சட்டம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு திருத்தம் போதும். 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்' உள்ளே வரும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். கெடுவுக்குள் சொல்லாத காரணத்தைப் பிறகு சொல்ல முடியாது என்று சேர்க்க வேண்டும். வட்டியை மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்காக ஏற்றினாலும் இந்த இரண்டுக்கு ஈடாகாது.

அதுவரை சப் கான்ட்ராக்டர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பில்லைத் தேதியோடு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மரியாதைக்காகக் காத்திருந்து மூன்று ஆண்டு கடந்துவிட்டால் காலவரையறைச் சட்டம் குறுக்கே நிற்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இலவசம்; அடுத்த ஒர்க் ஆர்டரில் கையெழுத்திடும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.