சைக்கிள் பாதைக்கு ஆலோசனை சொல்ல தன்னார்வலர் குழு: காரைக்காலில் சாத்தியமா? சட்டம் என்ன சொல்கிறது?

காலை எட்டரை மணிக்கு சுரக்குடியிலிருந்து திருநள்ளாறு பக்கமோ காரைக்கால் பக்கமோ சைக்கிளில் கிளம்பும் ஒரு பள்ளி மாணவியை நினைத்துப் பாருங்கள். அறுவடைக் காலம் என்றால் டெல்டாவில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் பஸ், டிராக்டர், பைக். சனிக்கிழமை என்றால் கூடவே கோயிலுக்குப் போகும் வெளியூர் கார்கள். சைக்கிளுக்கு மிஞ்சுவது தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஒரு முழ ஓரம்தான்.

அந்த ஓரம் எவ்வளவு அகலம் இருக்கணும் என்று யார் முடிவு பண்றாங்க? சாலை போடும் துறை. வரைபடம் போடும் பொறியாளர். ஒப்பந்ததாரர். சைக்கிள் ஓட்டுறவங்களை யாரும் கேட்பதில்லை.

கேட்டே ஆகணும் என்று சில நாடுகளில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சம்பளமில்லாத உள்ளூர்வாசிகள் பத்துப் பதினைந்து பேரை நகராட்சியே நியமித்து, சைக்கிள் பாதை, நடைபாதை, ஆற்றங்கரைத் தடம் பற்றி ஆலோசனை கேட்கும் குழு. அது எப்படி வேலை செய்யுது, நம்ம ஊரில் அதுக்கு இடம் இருக்கா என்று பார்ப்போம்.

குழு என்றால் என்ன செய்யும்?

ரோடு போடாது. அபராதம் விதிக்காது. டெண்டரில் கையெழுத்தும் போடாது. சாலைத் திட்டத்தின் வரைபடம் முடிவாகும் முன் அதைப் பார்த்து, 'இந்த வளைவில் பாதை அறுந்து போகுது', 'பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் எங்கே போகும்?', 'வடிகால் மூடியின் கம்பி இடைவெளியில் டயர் மாட்டும்' என்று எழுதிக் கொடுக்கும். எந்தத் தெருவுக்கு முதலில் பணம் ஒதுக்கலாம் என்று பரிந்துரைக்கும். அவ்வளவுதான் அதிகாரம்.

கேட்க சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 'வரைபடம் முடிவாகும் முன்' என்ற அந்த மூன்று சொல்லில்தான் எல்லாம் இருக்கு. சிமெண்ட் கொட்டிய பிறகு வரும் ஆலோசனையை யாரும் புகார் என்றுதான் எடுத்துக்குவாங்க.

எங்கே தொடங்கியது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற சிறிய பல்கலைக்கழக ஊர். சைக்கிளுக்குத் தனித் தடம் வேணும் என்று அங்கிருந்த சாதாரண மக்கள் இயக்கம் நடத்தினார்கள். 1966 நகரமன்றத் தேர்தலில் அதுவே பிரச்சினையாகி, ஆதரவாளர்கள் ஜெயித்தார்கள். 1967-ல் தடம் வந்துவிட்டது.

நெதர்லாந்து கதை சோகமானது. 1971-ல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1975-ல் தொடங்கிய சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் இன்றும் நகராட்சிகளுக்கு ஆலோசனை சொல்கின்றன. கிளைகளில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள்.

இந்தக் கட்டுரைக்கு மிகவும் தேவையான உதாரணம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியுடையது. அங்கே சைக்கிள், நடைபாதைத் திட்டங்களுக்கென்று ஒரு மாநில நிதி உண்டு. ஒரு நகராட்சி அந்த நிதியில் சைக்கிள் திட்டம் போட வேண்டுமானால், முதலில் குடிமக்கள் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், திட்டத்தை அந்தக் குழு பார்த்திருக்க வேண்டும். குழு இல்லையா? பணம் இல்லை. ஆள் கிடைக்காத மிகச் சிறிய ஊர்களுக்கு மட்டும் விலக்கு. குழுவின் பேச்சுக்கு மதிப்பு எப்படி வருது என்பதற்கு இதைவிட நேரான பதில் இல்லை.

இந்தியாவில் முயற்சி நடக்கலையா?

நடந்திருக்கு. தமிழ்நாட்டின் பெரிய கதையில் பாதையே கிடையாது. 1991-ல் தொடங்கி, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். சைக்கிள் வாங்க கடன் வசதி வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் கம்பி வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே போனவர்கள் உண்டு. ஓட்ட ஆள் தயார். ரோடு தயாராகவில்லை.

2014 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை கொண்டு வந்தது. மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கான கொள்கை. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் போகணும் என்பது அதன் இலக்கு. பல தெருக்களில் நடைபாதைகள் அகலமானதையும், 2019 நவம்பரில் பாண்டி பஜார் மாறியதையும் பார்த்தோம். ஆனால் சென்னையில் ஒருவர் வீட்டிலிருந்து வேலைக்கு முழுத் தூரமும் சைக்கிள் தடத்திலேயே போக முடியுமா? அனுபவப்பட்டவர்களுக்கு பதில் தெரியும்.

புனே இன்னொரு பாடம். ஒரு காலத்தில் 'சைக்கிள் நகரம்' என்று பெயர் வாங்கிய ஊர். மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டக் காலத்தில் 100 கிலோமீட்டருக்கு மேல் தடம் போட்டார்கள். துண்டு துண்டாக. நடுவில் மரம், மின்கம்பம், நிறுத்திய கார். பரிசர் போன்ற உள்ளூர் அமைப்புகள் அந்தத் தடங்களை ஆய்வு செய்து குறைகளைப் பொதுவெளியில் வைத்தன. பிறகு மக்கள் கருத்தும் கேட்டு, நகரம் முழுமைக்குமான ஒரு சைக்கிள் திட்டத்துக்கு 2017 டிசம்பரில் மாநகராட்சி ஒப்புதல் கொடுத்தது. அதாவது ரோடு முதலில், ஆலோசனை பின்னால். தலைகீழ் வரிசை.

2020-ல் கொரோனா நேரத்தில் மத்திய அரசு நகரங்களுக்குள் ஒரு சைக்கிள் போட்டி வைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பதிவு செய்தன. 2021-ல் 11 நகரங்கள் தலா ஒரு கோடி ரூபாய் வென்றன. பெங்களூரு அதில் ஒன்று. அந்த ஊரின் வெளிவட்டச் சாலையில் 2020-ல் தடுப்புக் குச்சிகள் நட்டு அமைத்த தற்காலிகத் தடம் பிறகு மெட்ரோ வேலைக்காக இடம் விட்டது.

இடையில் 'சைக்கிள் மேயர்' என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பிஒய்சிஎஸ் அமைப்பு பல நகரங்களில் தன்னார்வலர்களுக்குத் தரும் கௌரவப் பட்டம் அது. நல்ல முயற்சி. ஆனால் அரசுக் கோப்பில் அந்த மேயருக்கு நாற்காலி கிடையாது.

சட்டத்தில் இடம் இருக்கா?

நேரடியாக இல்லை. தள்ளுவண்டிக்காரர்களுக்கு இருக்கிறது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு வேணும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்கணும். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சைக்கிள் ஓட்டுபவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆனால் சுற்றுவழியாக ஒரு கதவு திறந்திருக்கு. அதைத் திறந்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். சாலை விபத்துகள் பற்றி 2012-ல் அவர் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில், 2017 நவம்பர் 30-ல் ஒரு தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 2018 ஜனவரி 31-க்குள் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கணும். கலெக்டர் தலைவர். போலீஸ் எஸ்.பி., சுகாதாரத் துறை, பொதுப்பணித் துறை, தேசிய நெடுஞ்சாலை அதிகாரிகள், ஆர்.டி.ஓ. ஆகியோரோடு மாவட்டத்தின் பொதுமக்கள் தரப்புப் பிரதிநிதிகளும் இருக்கணும். குழு அவ்வப்போது கூடணும்.

காரைக்காலும் ஒரு மாவட்டம்தான். ஆக, பொதுமக்களுக்கு ஒரு நாற்காலி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு சைக்கிள்காரர் உட்காரலாம்.

இன்னொன்று, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு. பாதசாரிகள், மோட்டார் இல்லாத வண்டிகள் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் எப்படிப் போகலாம் என்று மாநில அரசு விதி போடலாம் என்கிறது. நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்து பேசணும். இந்த விதிகளை ஆறு மாதத்தில் எழுதுங்கள் என்று அதே ராஜசேகரன் வழக்கில் 2025 அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சொன்னது. விதி எழுதும்போது 'சைக்கிளை நெடுஞ்சாலையில் விடாதே' என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியும், 'சைக்கிளுக்கு இடம் விட்டுக் கட்டு' என்று எழுதவும் முடியும். காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போகும் நெடுஞ்சாலை நான்கு வழியாகும் காலத்தில் இது சும்மா காகித விஷயம் இல்லை. குறுக்கே கடந்துதான் பலர் பள்ளிக்கும் சந்தைக்கும் போகணும்.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர்.

காரைக்காலுக்கு ஏன் இது கூடுதல் முக்கியம்?

மற்ற ஊர்களில் பள்ளம் என்றால் கவுன்சிலரைப் பிடிக்கலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 38 வருட இடைவெளிக்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதோடு சரி. 2021-ல் தேர்தல் அறிவிப்பு வந்து, இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் திரும்பப் பெறப்பட்டது. காரைக்கால் நகராட்சியையும் திருநள்ளாறு உட்பட ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். சுரக்குடி திருநள்ளாறு கொம்யூனில் வருது.

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. இத்தனை பேருக்கு நடுவில் தெரு அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஆலோசனைக் குழு கவுன்சிலருக்கு மாற்று ஆகாது, ஆகவும் கூடாது. தேர்தலைத் தள்ளிப்போட இன்னொரு சாக்காக அதைக் காட்டினால் அது மோசடி. ஆனால் தேர்தல் வரும்வரை ரோடு போடாமல் காத்திருக்கப் போவதில்லையே!

குழுவில் யார் இருக்கணும்?

இங்கதான் பெரும்பாலான ஊர்கள் சறுக்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஹெல்மெட், கண்ணாடி சகிதம் விலையுயர்ந்த சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் போகிறவர்களே குழுவை நிரப்பிவிடுகிறார்கள். அவர்களும் வேணும். ஆனால் 2011 கணக்கெடுப்புப்படி விவசாயம் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். அதில் பெரும்பாலானோர் கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு கட்டிக்கொண்டு போகும் ஆட்கள். மீன்கூடை வைத்து ஓட்டுபவர், கொத்தனார் வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் அம்மா, பஞ்சர் கடைக்காரர். பஞ்சர் கடைக்காரரைக் கட்டாயம் சேர்க்கணும். எந்த ரோட்டில் எவ்வளவு ஆணி, எந்த வடிகால் மூடியில் ரிம் வளையுது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் இவர்களில் ஒருவர்கூட வரமாட்டார்கள் என்பதையும் சொல்லியாகணும்.

வாய்க்கால் கரையில் பாதை போடலாமா?

டெல்டாவில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை இது. அரசலாற்றங்கரை, வாய்க்கால் கரைகள் எல்லாம் இயற்கையாகவே கார் போகாத தடம்தானே?

சாத்தியம்தான், ஆனால் சும்மா இல்லை. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரும் பொக்லைன் அந்தக் கரையில்தான் ஏறணும். கரையோரம் வயலுக்கு உரமூட்டை போகணும். அறுவடை இயந்திரம் கடக்கணும். அங்கே கம்பி வைத்துத் தடுத்து 'சைக்கிள் மட்டும்' என்று பலகை வைத்தால், முதல் பருவத்திலேயே விவசாயிகள் பிடுங்கிப் போடுவார்கள், அதில் தப்பும் இல்லை. மழைக்காலத்தில் களிமண் கரை வழுக்கும். விளக்கு இல்லாமல் சாயங்காலம் பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

அப்படியே சாலையோரத்தில் தனித் தடம் போட்டாலும் நெல் வரும். இந்திய சாலை காங்கிரஸ் 2015-ல் திருத்தி வெளியிட்ட சைக்கிள் தட வழிகாட்டி இருக்கிறது. ஒருவழித் தடத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் வழக்கமான கணக்கு. இரண்டு மீட்டரில் வழவழப்பாக, வண்டி ஏறாத சிமெண்ட் தரை என்றால் டெல்டாக்காரர் கண்ணுக்கு அது களம்! களம் போதாத ஊரில் சைக்கிள் பாதை கேட்பவர்கள், கூடவே உலர்களமும் கேட்கணும். டெல்லியில் உட்கார்ந்து வழிகாட்டி எழுதுபவருக்கு இது தோணாது. உள்ளூர்க் குழு என்று ஒன்று வேண்டும் என்பதே இதுக்குத்தான்.

இப்போ ஒருவர் என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, அரசு அலுவலகங்கள் தங்களுக்கு ஆலோசனை சொல்லும் குழுக்கள் எவை, அவற்றின் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதைத் தாங்களாகவே வெளியிடணும் என்கிறது. வெளியிடாவிட்டால் மனு போட்டுக் கேட்கலாம். 30 நாளில் பதில் வரணும்.

மனுவில் மூன்று கேள்வி போதும். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவில் பொதுமக்கள் தரப்பில் இருப்பவர் யார்? கடைசியாகக் குழு கூடியது எப்போது? அந்தக் கூட்டக் குறிப்பில் 'சைக்கிள்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருது?