நியூக்ளியர் இன்ஜினியரிங் படித்தால் அணுஉலை வேலை மட்டும்தானா? துகள் முடுக்கித் துறைக்குப் போவது எப்படி?

நீங்கள் நியூக்ளியர் இன்ஜினியரிங் மாணவரா? "அடுத்து கல்பாக்கமா, கூடங்குளமா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். கொல்கத்தா சால்ட் லேக்கில் இன்னொரு கதவும் இருக்கிறது.

அங்குள்ள மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம், சுருக்கமாக விஇசிசி, அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. அதன் கே-130 சைக்ளோட்ரானில் 1977-ல் முதல் கற்றை கிடைத்தது. திரவ ஹீலியத்தில் சுமார் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரூட்டப்படும் காந்தத்துடன் கே-500 என்ற மீக்கடத்து சைக்ளோட்ரானும் உண்டு. 2018 முதல் இயங்கும் 30 எம்இவி மருத்துவ சைக்ளோட்ரான், பெட் ஸ்கேனுக்கான ஃபுளூரின்-18 போன்ற ஐசோடோப்புகளைத் தயாரிக்கிறது. இதன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான். அதாவது, தயாரித்த வேகத்திலேயே மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சரி, உங்களுக்கு அங்கே என்ன வேலை?

உண்மையைச் சொன்னால், முடுக்கியைக் கட்டும் வேலையில் பெரும்பகுதி ரேடியோ அதிர்வெண், வெற்றிடம், காந்தம், கிரையோஜெனிக்ஸ், கட்டுப்பாட்டு மின்னணுவியல். இவை உங்கள் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் கற்றை இலக்கில் மோதிய பிறகு நடப்பதெல்லாம் உங்கள் ஏரியா. எவ்வளவு நியூட்ரான் வெளிவரும், கான்கிரீட் சுவர் எத்தனை மீட்டர் தேவை, எந்தப் பாகம் கதிரியக்கமாக மாறும், இலக்கு உருகாமல் எப்படிக் காப்பது என்று கணக்குப் போட ஆள் வேண்டும். ஜியன்ட்4, ஃப்ளூகா இரண்டில் ஒன்றையாவது கல்லூரியிலேயே பழகிவிடுங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை இதில் செய்வது இன்னும் நல்லது.

முடுக்கியால் இயக்கப்படும் அணுஉலை என்ற ஆய்வும் இருக்கிறது. புரோட்டான் கற்றை கன உலோகத்தில் மோதி நியூட்ரான்களைத் தரும். கற்றையை நிறுத்தினால் உலையின் தொடர்வினையும் அடங்கிவிடும். உலை, முடுக்கி இரண்டும் தெரிந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பேன்.

உள்ளே போக முக்கிய வழி, பார்க் பயிற்சிப் பள்ளியின் ஓராண்டுத் திட்டமான ஓசிஇஎஸ். கேட் மதிப்பெண் அல்லது ஆன்லைன் தேர்வு, பிறகு நேர்காணல். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 26. "ரெண்டு வருஷம் ஐடியில இருந்துட்டு வரேன்" என்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் மூன்று ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் போடுவார்கள். விஇசிசிதான் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. மும்பை, கல்பாக்கம் அல்லது இண்டஸ்-2 ஒத்திசைவுக் கதிர்வீச்சு நிலையம் இருக்கும் இந்தூருக்கும் அனுப்பலாம். ஆராய்ச்சிதான் ஆசை என்றால், ஹோமி பாபா தேசிய நிறுவனம் வழியாக விஇசிசியிலேயே பிஎச்டி செய்யலாம்.

அரசு வேலை வேண்டாமா? சென்னையில் 2019-ல் தொடங்கிய அப்போலோ புரோட்டான் மையத்தின் இதயமும் ஒரு சைக்ளோட்ரான்தான். ஆனால் மருத்துவ இயற்பியலாளர் ஆக பி.டெக் மட்டும் போதாது, அதற்கென தனித் தகுதிப் படிப்பு வேண்டும்.

வெளிநாடு என்றால், 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது. அதனால் அங்குள்ள ஃபெலோஷிப்புகளுக்கும் குறிப்பிட்ட கால ஊழியர் பணிகளுக்கும் இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் ஃபெர்மிலேபில் உருவாகும் பிப்-2 முடுக்கிக்கு விஇசிசி உட்பட நான்கு இந்திய நிறுவனங்கள் பங்களிக்கின்றன.