செஞ்சி நாட்டு உக்கிராணக்காரர்

செஞ்சிக்கோட்டையில் இராஜகிரியின் அடிவாரத்தில் நெற்களஞ்சியமொன்று இன்றும் நிற்கிறது. தானியத்தைச் சேர்த்துக் காப்பதற்கென அது கட்டப்பட்டது. நம் வேதாகமத் தமிழில் வழங்கும் உக்கிராணம் என்னும் சொல்லும் பண்டசாலையையே குறிப்பதாயினும், அப்போஸ்தலனாகிய பேதுரு தம் முதலாம் நிருபத்தில் உக்கிராணக்காரர் என்று சொல்லுவது பூட்டிவைப்பவரையன்று. பெற்ற வரத்தைப் பிறருக்குப் பகிர்ந்தளிப்பவரையே. கத்தோலிக்கர் இதனை இந்நாட்டில் எங்ஙனம் கைக்கொண்டனர் என்று நோக்குவோம்.

1597-ல் இயேசு சபையின் மேற்பார்வையாளரான பிமென்டா செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். பின்னர் நாயக்கராட்சி ஒழிந்து பீஜப்பூரார் கோட்டையை ஆண்ட காலத்தில், 1674-ல், அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ செஞ்சி நாட்டில் ஊழியந்தொடங்கினார். லிஸ்பன் அரசவையில் வளர்ந்த இவர் காவியுடுத்து, மரக்கறியுண்டு, பண்டாரசாமியாகக் கால்நடையாய்த் திரிந்தார். இம்முறையை 1640-ல் தொடங்கியவர் பல்தசார் த கோஸ்தா. தத்துவபோதகராகிய இராபர்ட் டி நொபிலிக்குக் கல்வி வரமாயிருந்தது; எனினும் அவர் மேற்கொண்ட சந்நியாசக் கோலம் தாழ்த்தப்பட்டோருடன் கலந்து பழகத் தடையாயிற்று. பண்டாரசாமிகளுக்கோ நெருங்கிப் பழகுதலே வரம். 1688-ஐ ஒட்டித் தாயகம் சென்ற அருளானந்தரை அரசர் தம்மோடு நிறுத்திக்கொள்ள விரும்பியும், அவர் 1690-ல் திரும்பி வந்தார். 1693-ல் ஓரியூரில் இரத்தசாட்சியானார்.

ஆயினும் சரித்திர நூல்கள் குருமாரைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. குருமார் சிலர், நாடோ பரந்தது. கிராமந்தோறும் கற்பித்தவர்களும், நோயாளிகளைச் சந்தித்தவர்களும், மரணத்தறுவாயிலிருந்தோருக்கு ஞானஸ்நானம் அளித்தவர்களும் உபதேசியார்களே. 1686-ல் அருளானந்தர் சிறைப்பட்டபோது அவர்களில் சிலரும் உடன் துன்புற்றனர். அவர்களுள் பலருடைய பெயரும் நமக்கு எட்டவில்லை. அவர்கள் வரம் பயன்பட்டது. குருத்துவமோ அவர்களுக்குக் கிட்டவில்லை. சாதி வேலியைப் பண்டாரசாமிகள் பிடுங்கவுமில்லை. அதன் ஓரமாகவே நடந்தனர்.

இதைச் சொல்லும் நாம் நம் வீட்டையும் பார்த்தல் தகும். தஞ்சைப் படையிலிருந்த இராஜநாயக்கன் கத்தோலிக்கராய்ப் பிறந்து, தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதத்தை வாசித்து லுத்தரன் சபையில் சேர்ந்து, தஞ்சை நாட்டில் சிறந்த உபதேசியாரானார். குருப்பட்டத்திற்கு அவர் தகுதியுடையவரென்பதை மிஷனரிகளே ஒப்புக்கொண்டனர். ஆனால் பறையர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் இசையார் என்றஞ்சி, 1741-ல் தியோகு என்பவருக்கே அப்பட்டத்தை அளித்தனர். இராஜநாயக்கன் 1771-ல் மரிக்குமளவும் உபதேசியாராகவே இருந்தார்.