யோர்க் நகரில் எழுந்த ஒரு புகலிடம்



1790ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள யோர்க் நகரத்துப் பைத்தியசாலையில் ஹன்னா மில்ஸ் என்னும் விதவை சேர்க்கப்பட்டாள். லீட்ஸ் நகரத்தவளான அவள், குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினள். உறவினர் தொலைவில் வாழ்ந்தமையால், அவளைக் கண்டு ஆறுதல் கூறுமாறு யோர்க்கிலிருந்த குவேக்கரை வேண்டிக்கொண்டனர். சென்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். நோயாளி பிறரைக் காணத்தக்க நிலையில் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். சில வாரங்களுள் அவள் இறந்தாள். உள்ளே அவளுக்கு நேர்ந்தது என்னவென்று அவளுடைய சமயத்தார் எவருக்கும் தெரியவில்லை.

இந்த மறுப்பின் கொடுமை விளங்க வேண்டுமாயின் குவேக்கரின் வழிபாட்டை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களுக்குக் குருமார் இலர், பூசை இல்லை. ஒன்றுகூடி மௌனமாக அமர்ந்திருப்பதே அவர்களின் வழிபாடு. ஒவ்வொரு மனிதனுள்ளும் இறையொளி உண்டென்பது அவர்தம் கொள்கை. சித்தம் கலங்கியவனிடத்தும் அவ்வொளி அணைந்துவிடுவதில்லை என்பது அதன் இயல்பான முடிபு. அக்கால வைத்தியர் பலரோ, புத்தி போனவன் மனிதத் தன்மையையே இழந்தவன் எனக் கருதினர். சமயப் பற்று மிகுதலே பைத்தியத்துக்குக் காரணம் என எழுதியோரும் உளர். ஆகவே, நோயாளியின் நம்பிக்கை அவர்களுக்கு நோயின் குறியாகத் தோன்றிற்றேயன்றி, நோயாளியின் உடைமையாகத் தோன்றவில்லை.

ஹன்னாவின் மரணம் வில்லியம் ரியூக் என்னும் தேயிலை வணிகரின் உள்ளத்தை உறுத்தியது. (அன்று அவர் விற்ற தேயிலை சீனத்திலிருந்து வந்தது, நமது மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் தோன்ற இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது.) தம்மவர்க்குத் தனியான ஓர் இல்லம் வேண்டுமென 1792இல் அவர் குவேக்கர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். எதிர்ப்பும் இருந்தது, பணமும் எளிதில் சேரவில்லை. எனினும், ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றிய அதே 1796ஆம் ஆண்டில் அவ்வில்லம் திறக்கப்பட்டது. பைத்தியசாலை என்ற பெயரைத் தவிர்த்து, 'ஒதுங்கி இளைப்பாறும் இடம்' எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டும்படி சொன்னவர் ரியூக்கின் மருமகள்.

அங்கே நடந்தவற்றை வில்லியமின் பேரர் சாமுவேல் ரியூக் 1813இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதில் ஒரு நிகழ்ச்சி: பேருருவும் பெருவலியும் படைத்த ஒருவன் விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்டான். மேற்பார்வையாளர் ஜோர்ஜ் ஜெப்சன் விலங்குகளைக் கழற்றச் செய்து, இராப்போசனத்துக்குத் தம்மோடு அமர்த்தினார். நான்கு மாதமளவில் அவன் குணமடைந்து வெளியேறினான். கட்டுப்பாடே இல்லாத இடம் அது என்று எண்ணற்க. சன்னல்களில் இரும்பு இருந்தது. கண்ணுக்கு மரம்போலத் தோன்றுமாறு அமைத்திருந்தனர். மிக இன்றியமையாத போது நோயாளரைக் கட்டி வைப்பதும் உண்டு. சங்கிலி மட்டும் இல்லை.

சமய விடயத்தில் அவர்கள் கொண்ட நிதானமே நான் இங்குச் சிறப்பாகக் கூற விழைவது. இயன்றவர்கள் வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சென்றனர். வேதாகமம் வாசிக்கக் கேட்டனர். அவ்வேளைகளில் அமைதியிழந்தோரும் பெரும்பாலும் தம்மை அடக்கியிருந்தனர் என்கிறார் சாமுவேல். ஆனால், தான் கடவுளால் கைவிடப்பட்டவன் எனப் புலம்புபவனோடு தருக்கம் செய்வதை அவர்கள் தவிர்த்தனர். வாதம் அவன் எண்ணத்தை மேலும் உறுதியாக்கும் என்பது அவர்களது அனுபவம். வேத வசனங்களை அடுக்கி அவனை வெல்ல முயலாமல், வேலையிலும் நடையிலும் வாசிப்பிலும் அவன் மனத்தைத் திருப்பினர். தாமே ஆழ்ந்த பக்தியுடையோர் இவ்வாறு வாயடக்கி நின்றது சிறிய காரியமன்று.

இதற்கு மறுப்பும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் மிஷெல் பூக்கோ 1961இல் வெளியிட்ட நூலில், இரும்பு விலங்கை அகற்றிய ரியூக் அதனிடத்தில் குற்றவுணர்வு என்னும் விலங்கைப் பூட்டினார் என்ற கருத்தை நிறுவ முயன்றார். சமயம் அங்கே கண்காணிக்கும் கண்ணாயிற்று என்பது அவர் வாதம். அதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. நல்லொழுக்கம் காட்டியவர் மதிப்புப் பெற்றனர் என்பதும், அம்மதிப்பை இழக்கும் அச்சம் ஒரு கருவியாயிற்று என்பதும் உண்மையே. ஆயினும், 1814இல் யோர்க் பைத்தியசாலையில் மறைத்து வைக்கப்பட்டிருந்த அழுக்கடைந்த சிற்றறைகள் வெளிப்பட்டதையும் உடன்வைத்து நோக்கினால், இரு விலங்கும் ஒன்றே என என்னால் ஒப்ப முடியவில்லை. 1815இல் பாராளுமன்றக் குழு இவற்றை விசாரித்தபோது, எண்பது கடந்த வில்லியம் ரியூக்கும் சாட்சியம் அளித்தார்.

மற்றொரு குறை வெளிப்படையானது. தொடக்கத்தில் அது குவேக்கருக்கான இல்லம். பராமரிப்போரும் பராமரிக்கப்படுவோரும் ஒரே சமயத்தவராயின் நம்பிக்கையை மதித்தல் எளிது. வைத்தியர் ஒரு சமயத்தவராகவும் நோயாளி வேறொரு சமயத்தவராகவும் இருக்குமிடத்தில் செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கு அங்கே விடை இல்லை. பிரித்தானிய மனநோய் வைத்தியர்களின் அரச கல்லூரி 2011இல் அதற்கொரு நெறியை எழுதி, 2013இல் திருத்தியது. நோயாளியின் நம்பிக்கையைப் பக்குவமாகக் கேட்டறிக. தம் பதவியைக் கொண்டு அவரை மதம் மாற்றவோ, அவருடைய நம்பிக்கையைக் குலைக்கவோ முயலற்க. வேண்டுமிடத்து அவருடைய சமயத்தாரோடு சேர்ந்து பணிபுரிக என்பன அதன் சாரம். எந்தச் சமயமும் இல்லை என்பாரையும் அதே மதிப்போடு நடத்துமாறு அந்நெறி கூறுகிறது.