வன்னியும் முறைக்காய்ச்சலும்

துணுக்காய்ப் பகுதியிலே இன்று வாழும் இளைஞருக்கு மலேரியா என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல் மாத்திரமே. எம் முதியோரைக் கேட்டால் கதை வேறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லி வைத்தாற்போல அதே வேளைக்குக் குளிர் ஏறும், பல் கிட்டும், வீட்டிலுள்ள சாக்கு, போர்வை யாவற்றையும் மேலே போட்டாலும் நடுக்கம் நில்லாது. பின் அனலாய்க் காய்ந்து, வியர்த்து, விடும். மறுநாள் அதே மனிதர் வயலில் நிற்பார். இதனாலேயே முறைக்காய்ச்சல் என்ற பெயர் வந்தது. பல காலம் இதிற் கிடந்தவரின் இடப்புற வயிற்றிலே மண்ணீரல் வீங்கிக் காய்ச்சற்கட்டியாய்த் திரண்டு நிற்கும்.

வன்னி காடாய்ப் போனதற்கு அரசர் வீழ்ச்சியையும் போர்களையும் காரணமாக எழுதுவோர் பலர். அவர்கள் நுளம்பை மறந்துவிட்டார்கள் என்பது எமது எண்ணம். குளம் உடைந்தால் சனம் போகும். சனம் போனால் குளத்தைக் கட்ட ஆளில்லை. உடைந்த குளத்தின் பள்ளங்களில் நீர் தேங்கக் காய்ச்சல் பெருகும். இந்தச் சுழலில் ஊர்கள் பல அழிந்தன.

காய்ச்சலின் காரணத்தை நெடுங்காலம் எவரும் அறியார். மானிப்பாயிலே நீண்ட காலம் பணியாற்றி, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே பெயர்ப்பித்த டாக்டர் கிறீன் காலத்திலும், சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே காரணம் என்று உலகம் நம்பியது. மலேரியா என்ற சொல்லின் பொருளே அதுதான். 1880இல் இலவரன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நோயாளியின் குருதியிற் கிருமியைக் கண்டார். 1897இல் இரொனால்ட் இரொஸ் செகந்தராபாத்திலே நுளம்பின் வயிற்றில் அதனைக் கண்டார். இலங்கையில் இதைப் பரப்பிய நுளம்பு சாக்கடையை நாடுவதன்று. ஆறு வற்றும்போது மணற் குழிகளில் நிற்கும் தெளிந்த நீரே அதற்குப் பிரியம். மாரியில் ஓடிக் கோடையில் வற்றும் ஆறுகளையுடைய எம் நாட்டில் அதற்கு இடத்துக்குக் குறைவேது?

நோயாளிக்கு அக்காலத்தில் என்ன சொல்லப்பட்டது? பரிகாரியார் நிலவேம்பு முதலிய கசப்புச் சரக்குகளிற் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார், பத்தியம் விதித்தார், குளிக்க விடார். அரசாங்கம் கொயினாவைக் கொடுத்தது. அதன் கசப்புக்கு அஞ்சி நாவின் கீழ் ஒளித்துத் துப்பியவர்களும் உண்டு. இவற்றிலெல்லாம் எமக்குப் பெரிய குறை இல்லை. குறை ஒன்றுதான்: காய்ச்சற்காரனைப் பட்டினி போடும் வழக்கம்.

அதன் கேட்டை 1934இலும் 1935இலும் வந்த பெருங்கொள்ளை காட்டியது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தென்மேற்கிலங்கையின் ஆறுகள் குட்டைகளாயின. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். 80,000 பேர் வரையில் மாண்டனர். வன்னி போன்ற வரண்ட பகுதிகளில் ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் மக்களுக்கோ அது இல்லை. அதனோடு பஞ்சமும் சேர்ந்தது. சூரியமல் இயக்கத் தொண்டர்கள் ஊர் ஊராய்ச் சென்றபோது, கொயினா மாத்திரம் போதாது, வயிற்றுக்கும் வேண்டும் என்று கண்டார்கள். மாமைற்றை வைத்தியரின் குளிகைபோல உருட்டிக் கொடுத்தார்கள், பருப்பு வழங்கினார்கள். என். எம். பெரேராவுக்குப் பருப்பு மாத்தயா என்ற பட்டம் வந்தது அப்போதுதான். எமக்கு அது ஒரு சிரிப்புப் பெயராகத் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் டி.டி.ரீ. வந்தது. குருதி குடித்த நுளம்பு சுவரிலே இளைப்பாறும். ஆகையால் வீட்டின் உட்சுவரெங்கும் மருந்து தெளித்தார்கள். தெளித்த சுவரை உடனே சாணியால் மெழுகினால் மருந்து மறைந்துவிடும் என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 ஆக இறங்கியது. குடியேற்றங்களுக்கும் 1950களில் வவுனிக்குளத்தைத் திருத்தும் வேலைக்கும் ஆட்கள் துணிந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்போம்.

1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே காணப்பட்டனர். வென்றாயிற்று என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நடுங்கினார்கள். நோயாளிகளிடமும் இதே தவறுதான் இருந்தது. இரண்டு நாளில் நடுக்கம் நின்றதும் குளிகையை நிறுத்திவிடுவார்கள். இங்கு மிகுதியாகக் கண்ட வகையின் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்களின் பின் எழும்பும். அதைக் கொல்லும் பிறிமாக்குவினை 14 நாளும் விழுங்க வேண்டும்; அதையும் வைத்தியர் சொல்லியே விழுங்க வேண்டும், ஏனெனில் சிலரது உடல்வாகுக்கு அது குருதிக் கலங்களை உடைக்கும்; கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் இந்நோயால் மிகவும் வருந்தின. 1999இல் நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பின்னர் மருந்திட்ட வலைகளும் ஊர் தேடி வந்த குருதிப் பரிசோதனையும் நிலைமையை மாற்றின. உள்ளூரிற் பரவிய இறுதி நோயாளி 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்தெம்பர் 5ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

இப்போது எம்மூரில் காய்ச்சல் என்றால் டெங்குவையே முதலில் நினைக்க வேண்டியுள்ளது. நீராகாரம் தாராளமாய்க் கொடுக்கலாம். அஸ்பிரின் கொடுத்தால் குருதி கசியும் ஆபத்துண்டு. ஆயினும் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்த ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், போய்வந்த இடத்தை வைத்தியசாலையில் முதலிலேயே சொல்லி, மலேரியாவுக்குக் குருதியைச் சோதிப்பிக்க வேண்டும். சான்றிதழ் கிடைத்த அதே 2016ஆம் ஆண்டின் முடிவிலே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்ரிபென்சி என்னும் நுளம்பை மன்னாரிலே கண்டுபிடித்தார்கள். அது ஆற்றுக் குழிகளைத் தேடுவதில்லை. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடுகிறது.